மூன்றாம் நிலாவில் ஒரு கல்யாணம்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன் அக்கா. பவா எங்கே போனாள் என்று மட்டும் என்னிடம் கேட்காதீங்க. சொல்ல மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். நான் வாக்குத் தவறுகிறவள் இல்லை. இந்தப் பல்கலைக்கழகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க. எம்.எஸ்சி. இயற்பியல் சங்கமித்ராவா, அவளுக்கு வாய் நீளம் என்பார்கள், திமிர் என்பார்கள். வாக்குக் கொடுத்துவிட்டு மாறுவாள் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்க. போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, இந்தப் பார்வையாளர் அறையில் டவர் கிடைக்காது. கேட்டைத் தாண்டி வெளியே போனால்தான் ஒரு மெசேஜ் கூடப் போகும். இது விடுதியா சிறைச்சாலையா என்று வார்டனுக்கு மனு எழுதி எழுதிக் கை வலித்ததுதான் மிச்சம்.

வாசலில் நிற்கிற வெள்ளை வண்டி உங்களுடையதா? எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறதே. உள்ளே யார், பவாவின் அண்ணனா? உங்க வீட்டுக்காரர். அவரும் வரலாமே, இந்த அறை வரைக்கும் ஆம்பளைங்களை விடுவார்கள். வேண்டாமா? சரி. நீங்க பவாவுக்கு அண்ணி, எனக்கு அக்கா. நாம் இரண்டு பேரே பேசிக்கொள்ளலாம்.

எனக்கும் அவளுக்கும் என்ன சண்டை என்று கேட்டீங்க பாருங்க, அதைக் கேளுங்க, சொல்கிறேன். அது படத்தைப் பற்றிய சண்டை. அதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. சுடர்க்கலம் பார்த்திருக்கீங்களா? ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் போடுவார்களே? பார்த்திருக்கீங்களா! அப்படியென்றால் உங்களிடம் பேசலாம். பார்க்காதவர்களிடம் பேசுவது சுவரிடம் பேசுவது மாதிரி. "ஒரு சினிமாவுக்காகவா பழக்கத்தை விட்டீங்க?" என்று கேட்பார்கள். ஒரு சினிமாவா? எனக்கு அது ஒரு சினிமாவா?

அது எந்த நாட்டுத் தொடர் என்று கூட அந்த வயதில் எனக்குத் தெரியாது. வாய் ஒரு மாதிரி அசையும், தமிழ் வேறு மாதிரி வரும். கிரகம் எரிந்துபோய், ஒரே ஒரு கலத்தில் தப்பித்துத் திரிகிற மூன்று பேர். கேப்டன் ஆரன். கலத்தை ஓட்டுகிற தங்கை லீனா. அப்புறம் டப்பா. அந்த ரோபோவுக்கு மூலத்தில் ஏதோ எண்தான் பெயராம், தமிழில் டப்பா என்று வைத்து மதுரைப் பேச்சு பேச வைத்தார்கள். "என்னண்ணே, இந்தக் கிரகத்துல காத்தே இல்ல, டீ மட்டும் கிடைக்குமா?" என்று கேட்கும். சிரிக்கிறீங்க. அவ்வளவுதான், நீங்க நம்ம ஆள்.

என் அம்மா நர்ஸ். ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி. அப்பா வெளியூரில். பூட்டின வீட்டுக்குள் நானும் அந்த டிவியும். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஒவ்வொரு வாரமும் லீனாவை எவனாவது பிடித்து வைத்துக்கொள்வான். அப்போது ஆரன் திரும்பி நேராக என்னைப் பார்த்துச் சொல்வான்: "என் தங்கச்சி மேல கை வச்சவன் எந்தக் கிரகத்துக்குப் போனாலும் விட மாட்டேன்!" எட்டாம் வகுப்பில் ஒருத்தன் டியூஷன் விட்டு வரும்போதெல்லாம் சைக்கிளில் பின்னாலேயே வருவான். அந்த வசனத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டேதான் வீடு வரைக்கும் நடப்பேன். தெரு முனையில் ஆரன் நிற்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். சிறுபிள்ளைத்தனம்தான். ஆனால் எனக்கு இருந்த ஒரே அண்ணன் அவன்தான் அக்கா.

இங்கே சேர்ந்த முதல் நாள், பவா தன் தண்ணி பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அதில் சுடர்க்கலம் ஸ்டிக்கர். பாதி உரிந்துபோனது. நான் "என்னண்ணே" என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் "டீ மட்டும் கிடைக்குமா?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் ஒரே சோப்பு, ஒரே போர்வை, ஒரே ரெக்கார்ட் நோட்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பத்து வருஷம் கழித்துப் புதிதாக ஒரு படம் வருகிறது, சுடர்க்கலத்தின் அடுத்த கதை என்று செய்தி. அதே ஆரன், அதே லீனா, கொஞ்சம் வயதாகி. விடுதியில் ஒரே கொண்டாட்டம். அந்த நேரம் பார்த்து எவனோ ஒருத்தன் பழைய தொடரின் மூலத்தைத் தேடி எடுத்து, கீழே எழுத்துப் போட்டு இணையத்தில் ஏற்றிவிட்டான். பார்த்தால், அதில் ஆரனும் லீனாவும் அண்ணன் தங்கையே கிடையாது! கேப்டன், விமானி, அவ்வளவுதான். தமிழில் கொண்டுவந்த ஆட்கள்தான் மாற்றியிருக்கிறார்கள். கல்யாணம் ஆகாத ஒரு பையனும் பொண்ணும் வருஷக்கணக்கில் ஒரே கலத்தில் சுற்றுவதை ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்திருக்கிறார்கள். ஒரே அம்மா வயிற்றுப் பிள்ளைகள் ஆக்கிவிட்டார்கள். அம்மா செத்துப்போகிற காட்சியில் உதடு அசையாத இடத்தில் எல்லாம் "அண்ணனை விட்டுராதம்மா" என்று குரல் வரும். நான் அதற்கு அழுதிருக்கிறேன் அக்கா. இல்லாத வசனத்துக்கு அழுதிருக்கிறேன்.

சரி, அது போகட்டும். படத்துக்குப் போனோம். நான், பவா, கதிர் அண்ணா. கதிரவன். பெயர் உங்களுக்கே தெரியும், அந்தப் பட்டிமன்ற வீடியோவில் நான்தானே சொன்னேன். எங்கள் துறையில் முனைவர் ஆய்வு பண்ணினவர். அப்போது இங்கேதான் இருந்தார். பவாவும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். சீனியர் என்றால் எல்லாரும் அப்படித்தானே.

படம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டப்பாவுக்கு மட்டும் செந்தமிழ் கொடுத்துக் கெடுத்திருந்தார்கள், அதற்கே பின் வரிசையில் பசங்க பாதி உயிர் போன மாதிரி கத்தினார்கள். கடைசியில் மூன்றாம் நிலாவில் இறங்குகிறார்கள். ஆரன் முழங்கால் போட்டு ஒரு மோதிரத்தை எடுக்கிறான். தியேட்டரே கப்சிப். எவனோ ஒருத்தன் கத்தினான்: "டேய், அது உன் தங்கச்சிடா!" அவ்வளவுதான், ரணகளம். பாதிப் பேர் சிரிக்கிறார்கள், பாதிப் பேர் வைகிறார்கள், ஒரு செருப்பு பறந்து திரையில் பட்டுக் கீழே விழுகிறது. நானும் எழுந்து நின்று கத்தினேன். என் பக்கத்தில் பவா அழுதுகொண்டிருந்தாள். ஏமாற்றத்தில் அழுகிறாள் என்று நினைத்து அவள் தோளில் கை போட்டேன். அவள் என்னைப் பார்த்து, "எவ்வளவு அழகா இருந்துச்சு இல்ல மித்ரா?" என்றாள்.

அழகாம்!

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. நாங்கள் எல்லாரும் ஒரே தொடரைப் பார்த்து வளர்ந்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இல்லை. ஆளுக்கு ஒரு தொடரைப் பார்த்திருக்கிறோம். டப்பாவுக்காகப் பார்த்தவனுக்கு டப்பா போனதுதான் இழவு. சண்டைக்காகப் பார்த்தவனுக்குக் கலத்தின் நிறம் மாறியதுதான் குற்றம். நான் அண்ணனுக்காகப் பார்த்தேன். பவா எதற்காகப் பார்த்தாள் என்று இரண்டு வருஷம் கூட இருந்தும் நான் கேட்டதே இல்லை. புதுப் படம் வருகிற வரைக்கும் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

மெஸ்ஸில் வாதம், குளியலறை வரிசையில் வாதம், பாடம் நடக்கும்போது துண்டுச்சீட்டில் வாதம். நான் கேட்டேன், "நமக்கு எதுடி மூலம்? எவனோ பார்த்ததா நமக்கு மூலம்? நாம கேட்டு வளர்ந்ததுதான் மூலம்." அவள் சொன்னாள், "யாரோ ரெண்டு பேர் டப்பிங் ரூம்ல உட்கார்ந்து, இவங்க அண்ணன் தங்கச்சின்னு முடிவு பண்ணினா, அவங்க ஆயிருவாங்களா? அவங்களைக் கேட்டாங்களா?" "அவங்க கதாபாத்திரம்டி, அவங்களை எப்படிக் கேக்கறது?" "அதான் சொல்றேன். கேக்க முடியாதவங்களுக்கு எல்லாரும் முடிவு பண்றாங்க." இதெல்லாம் ஒரு வாதமா? உணர்ச்சி. வெறும் உணர்ச்சி.

நான் ஆரன் வசனத்தைச் சொன்னேன். அந்த ஒரு வசனத்துக்காகவாவது அவன் அண்ணனாக இருக்க வேண்டாமா என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதிலைக் கேளுங்க: "உனக்கு அண்ணன் இல்ல மித்ரா. அதனால அந்த வசனம் உனக்கு இனிக்குது. எனக்கு இருக்கான்." பார்த்தீங்களா? வாதத்தில் சொந்தக் கதையை இழுக்கிறாள்! அது விதி மீறல். அன்றைக்கே சொன்னேன்.

கடைசியில் விடுதி நாள் விழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தே தீர்த்துவிடலாம் என்று முடிவு பண்ணினோம். "புதிய சுடர்க்கலம் பழையதற்குத் துரோகமா, தொடர்ச்சியா?" தலைப்பு நான் கொடுத்ததுதான். துரோக அணிக்கு நான் தலைவி, தொடர்ச்சி அணிக்கு பவா. தமிழ்த் துறையிலிருந்து ஒரு மேடம் நடுவர். நாற்காலி போதாமல் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் விடுதியிலிருந்து கூட வந்திருந்தார்கள். கதிர் அண்ணா முதல் வரிசையில்.

பவா நன்றாகத்தான் பேசினாள், மறுக்கவில்லை. கைதட்டு அவள் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தது. நடுவர் தலையாட்டுகிறார். எனக்குக் கடைசி இரண்டு நிமிஷம்தான். என்ன பண்ணுவேன்? எழுந்தேன். "நடுவர் அவர்களே! எதிரணித் தலைவிக்கு ஒரே ஒரு கேள்வி. வாய் நிறைய அண்ணா அண்ணா என்று கூப்பிட்ட ஒருத்தரைக் கட்டிக்கொள்வது அழகு என்கிறார். அப்படியென்றால், இதோ முதல் வரிசையில் நம் கதிர் அண்ணா உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு அவரைக் கட்டிக்குவாரா?"

அரங்கம் அதிர்ந்துவிட்டது அக்கா. விசில். கூரை பறந்த மாதிரி. பவா எழுந்தாள், வாயைத் திறந்தாள். முகம் வெளுத்துவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பதில் இல்லாத கேள்வி கேட்பதுதான் பட்டிமன்றத்தில் வெற்றி. துரோகமே என்று தீர்ப்பு வந்தது. எனக்குக் கோப்பை.

அதை எவளோ முதலாண்டுப் பொண்ணு படம் பிடித்துப் போட்டு, அது ஊர் ஊராகச் சுற்றி உங்க குடும்பக் குழுவுக்கு வந்ததற்கு நானா பொறுப்பு? மறுவாரமே நீங்கள் எல்லாரும் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனீங்க. போனைப் பிடுங்கிக்கொண்டதாகச் சொன்னாள். சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை, தை மாதம் தேதி. நேரில் பார்த்துக் கேட்கலாம் என்றால் பரீட்சைக்குத்தான் வந்தாள், அதுவும் அவள் அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நேற்று கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனவள்தான். இது உங்களுக்கே தெரிந்த கதை.

நான் சொல்ல வருவது அதற்கு முந்தின நாள். பரீட்சை முடிந்ததும், ரெக்கார்ட் நோட்டை எடுக்கணும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பவா என் அறைக்கு வந்தாள். படம் பற்றிப் பேசத்தான் வருகிறாள், தோல்வியை ஒப்புக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கதவைச் சாத்திவிட்டு, "மித்ரா, நாளன்னைக்கு மதியம் சாட்சிக் கையெழுத்துப் போட வர்றியா?" என்றாள்.

நீங்களே சொல்லுங்க அக்கா. மேடையில் ஏறி, ஆயிரம் பேர் முன்னால், அது துரோகம் என்று வாதாடி ஜெயித்தவள் நான். அப்புறம் ரிஜிஸ்டர் ஆபீஸில் போய், அதே மாதிரியான ஒரு கல்யாணத்துக்கு, கையெழுத்தா? எனக்கென்று ஒரு கொள்கை வேண்டாமா? "முதல்ல படம் துரோகம்னு ஒத்துக்க. அப்புறம் யோசிக்கிறேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னேன். அவள் "சரி, கையெழுத்து வேணாம். உன் ஸ்வெட்டரையாவது குடு" என்றாள். கொடுத்தேன். சிவப்பு ஸ்வெட்டர். நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

டைப் பண்றீங்களா? பண்ணுங்க, பண்ணுங்க. நான் பேசும்போது குறிப்பு எடுக்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் ஒன்று, அவள் எங்கே என்று நான் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, பார்த்தீங்க இல்லையா? சொல்லவும் மாட்டேன். வேண்டுமென்றால் அந்த மூன்றாம் நிலாக் காட்சியின் அறிவியலைப் பற்றிச் சொல்கிறேன். சுத்த அபத்தம். தொலைநோக்கிக் கூண்டுக்குப் பக்கத்திலேயே பத்து விளக்கை எரியவிட்டுக் கல்யாணம் பண்ணுகிறார்கள். அவ்வளவு வெளிச்சத்தில் எந்த நட்சத்திரம் தெரியும்? போன வருஷம் துறைச் சுற்றுலாவில் நாங்கள் நேரிலேயே பார்த்தோம், மலையில், ஏரிக்கு மேலே, மரங்களுக்கு நடுவில் வெள்ளைக் கூண்டு. அங்கே டார்ச் அடித்தாலே திட்டுவார்கள். கதிர் அண்ணா இப்போது அங்கேதானே வேலையில் இருக்கிறார், அவரையே கேட்டுப் பார்க்கலாம். பவாதான் அன்றைக்குப் படம் படமாக எடுத்து வீட்டுக்கு அனுப்பினாளே, நீங்க கூடப் பார்த்திருப்பீங்க. பார்த்தீங்களா? அந்த வெள்ளைக் கூண்டுதான். ஆமாம், அதே மலைதான்.

ஏன் எழுந்துட்டீங்க? நான் முக்கியமான கட்டத்துக்கே இன்னும் வரவில்லை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம். போவதற்கு முன்னால் நீங்க தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகணும். துரோகமா, தொடர்ச்சியா?

துரோகமா! அப்படிச் சொல்லுங்க! இத்தனை நாளில் யோசிக்காமல், இழுக்காமல், பட்டென்று என் கட்சியில் நின்ற முதல் ஆள் நீங்கதான். அண்ணன் என்று கூப்பிட்டவனோடு போகிறவள் இருந்தென்ன, போயென்ன என்கிறீங்களா? ஆங்... நான் அந்த அளவுக்குச் சொல்லவில்லை. நான் படத்தைப் பற்றித்தான் சொன்னேன். சரி, உணர்ச்சிவசப்பட்டுட்டீங்க. அந்த வசனமாவது ஞாபகம் இருக்கிறதா? ஆரன் சொல்வானே, "என் தங்கச்சி மேல கை வச்சவன்..." நீங்க முடிங்க பார்க்கலாம்.

"எந்த ஊருக்குப் போனாலும் விட மாட்டேன்."

ஊருக்கு இல்லை அக்கா, கிரகத்துக்கு. "எந்தக் கிரகத்துக்குப் போனாலும்." தொடரைப் பார்த்தவர்கள் யாரும் அதை மாற்றிச் சொல்ல மாட்டார்களே.

வேறு யாரோ சொல்லிக் கேட்டதா? யார்? உங்க வீட்டுக்காரரா. இதே வார்த்தையா? எப்போது சொன்னார்? காலையில் கிளம்பும்போது. வண்டியின் பின்னால் எதையோ சாக்கில் சுற்றி வைத்துவிட்டு.

...

சாக்கில் என்ன அக்கா?

நீங்க கேட்கவில்லை. கேட்டால் உங்களுக்கும் அடி விழுமா. சரி.

நீங்க சுடர்க்கலம் பார்த்ததே இல்லை, இல்லையா? டப்பா டீ கேட்டதற்குச் சும்மா சிரித்தீங்க. பரவாயில்லை. தலையைக் குனியாதீங்க. உங்களை அனுப்பினார்கள், நீங்க வந்தீங்க.

ஆனால் இப்போது நீங்க வெளியே போகக் கூடாது. நான் கதவை மறைக்கவில்லை, காற்றுக்காக இங்கே நிற்கிறேன். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு நடுவர் எழுந்து போவது எந்த ஊரில் நடக்கும்? எதிரணிக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டாமா? எதிரணி இங்கே இல்லை. அதனால் நானே பேசுகிறேன். நான் தோற்றுவிட்டேன் என்று நினைக்காதீங்க. எந்தத் தலைப்பு கொடுத்தாலும் எந்தப் பக்கமும் பேசுவாள் சங்கமித்ரா, கோப்பைகள் அறையில் இருக்கின்றன, வந்து எண்ணிக்கொள்ளுங்க.

ஹாரன் அடிக்கட்டும். அடிக்கட்டும் அக்கா. பெண்கள் விடுதி வாசலில் எவ்வளவு நேரம்தான் அடிப்பார். வாட்ச்மேன் வருவார், வார்டன் வருவார்.

கேளுங்க. ஆரன் பிறந்தது ஒரு கிரகத்தில், லீனா பிறந்தது இன்னொன்றில். அவர்கள் அண்ணன் தங்கை என்று அவர்கள் சொல்லவே இல்லை. உதடு அசையாத இடத்தில் வேறு யாரோ குரல் கொடுத்தார்கள். அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் எனக்கு வீட்டில் வேறு குரல் இல்லை. அது என் பிரச்சினை. லீனாவின் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு வாரமும் அவளை யாராவது பிடித்து வைத்துக்கொள்வான், யாராவது காப்பாற்றுவான். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. புதுப் படத்தில்தான் முதல் முதலாகக் கேட்கிறார்கள். ஆரன் முழங்கால் போட்டு, மோதிரத்தை நீட்டி, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்கிறான்.

என்ன அக்கா? சத்தமாகக் கேளுங்க, ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லை.

அவள் முகம் எப்படி இருந்தது என்றா? அவள் சந்தோஷமாக இருந்தாளா என்றா?

தெரியவில்லை அக்கா. அந்த இடத்தில் நான் திரையைப் பார்க்கவில்லை. எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் இருந்தவள்தான் பார்த்தாள். எவ்வளவு அழகா இருந்துச்சு இல்ல மித்ரா என்று என்னிடம் சொன்னாள்.

உட்கார்றீங்களா? அந்த நாற்காலி இல்லை, அது ஆடும். இதில்.

டைப் பண்ணினதை அழிக்கிறீங்களா? எல்லாவற்றையுமா? போனைக் கவிழ்த்தே வைத்துவிடுங்க. உங்க வீட்டுக்காரர் கேட்டால் சொல்லுங்க, அந்தப் பொண்ணு வாய் ஓயவே இல்லை, எழுந்திருக்கவே விடவில்லை என்று. இந்தப் பல்கலைக்கழகத்தில் யாரும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள்.

அழாதீங்க. மதியத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது.

நடுவர் அவர்களே, என் இரண்டாவது வாதம்.